ஃபுல்பேக்கின் வலது இடுப்பு

எங்கள் கிளினிக் சுவரில் ஆறு முகங்கள் வரைந்த ஒரு படம் இருந்தது. முதல் முகம் சிரிக்கும். அடுத்தடுத்த முகங்களில் சிரிப்பு வடிந்துகொண்டே போய், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும். முகங்களுக்குக் கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். வருகிறவர்களிடம் "வலி எத்தனை?" என்று நாங்கள் கேட்க வேண்டும், அவர்கள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் நம் ஆட்களிடம் இதைக் கேட்பதைப் போன்ற வேடிக்கை வேறு கிடையாது. மௌரி அவென்யூவில் மளிகை வாங்கிய பையோடு நேராக வந்து உட்காரும் ஆன்ட்டிகள், "பத்துக்குப் பன்னெண்டு போடும்மா" என்பார்கள். பத்துக்கு மேலே எண் இல்லை என்று சொன்னால், "அப்ப அந்தப் படத்தைப் போட்டவனுக்கு மூட்டுவலி வந்ததே இல்ல" என்று பதில் வரும். அந்தப் படத்தின் முன்னால், இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்துத் தைத்த காயம் முழுக்க ஆறாத நிலையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று "இரண்டு" என்று சொன்னவர் என் அனுபவத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அயர்லாந்துக்காரர்.

அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். நோயாளியின் பெயர் கிளினிக் கதவைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் அவரைப் பற்றி வீட்டில் பேசாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அதனால் நானும் என் கணவரும் அவருக்கு "ஃபுல்பேக்" என்று பெயர் வைத்தோம். எங்கள் மகள் அதையும் மரியாதையாக "ஃபுல்பேக் அங்கிள்" என்று ஆக்கிக்கொண்டாள். அந்தப் பெயரிலேயே இங்கேயும் அவர் இருக்கட்டும்.

நான் மேலப்பாளையத்துக்காரி. பிசியோதெரபி படித்துவிட்டு, கல்யாணமாகி, 2001-இல் கணவரோடு இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. அனுமதி வந்தபோது, கலிஃபோர்னியாவில் தொழில் செய்ய இங்கத்திய உரிமத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அதை எழுத முதலில் என் படிப்பு இவர்கள் படிப்புக்குச் சமம்தானா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சில வருடங்கள் அபார்ட்மென்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எலும்பு தசைகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் துவையல் அரைத்திருக்கிறேன். என் பெயருக்குப் பின்னால் உரிமத்தின் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளும் வந்த அன்று வாப்பாவுக்கு போன் போட்டேன். அழுகைதான் வந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஃபுல்பேக் என்னிடம் வந்தபோது நான் கொஞ்சம் திமிராகவே இருந்தேன். கஷ்டப்பட்டு வாங்கிய திமிர், எனவே அதற்காக வெட்கப்படவில்லை.

அவரைப் பார்த்ததும் இடுப்பைவிட முதலில் என் கண்ணில் பட்டது கைவிரல்கள்தான். பத்து விரல்களில் ஒழுங்காக நேராக இருந்தவை சொற்பம். ஒன்று நுனியில் வளைந்திருந்தது, ஒன்று நடுவில் முண்டு கட்டியிருந்தது, இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோல் தனியாக விலகி நின்றது. வீடுகட்டும் கான்ட்ராக்டர் என்று எழுதியிருந்ததால், "கட்டட வேலையில் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன். "கொஞ்சம் அதிலும்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய, பனைமரம் மாதிரி உயரமான மனிதர். பேச்சு மட்டும் சிக்கனம்.

அமெரிக்க முறைப்படி முதல் நாளே நோயாளியிடம் இலக்கு என்ன என்று கேட்க வேண்டும். பேரனோடு விளையாட வேண்டும், கோல்ஃப் ஆட வேண்டும், படி ஏற வேண்டும் என்று சொல்வார்கள். நம் அங்கிள்கள் "கீழே உட்கார்ந்து எழுந்தா போதும்" என்பார்கள். ஃபுல்பேக் சற்று யோசித்துவிட்டு இப்படிச் சொன்னார். அவர் இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன்: "செப்டம்பர்ல டப்ளின்ல ஒரு மைதானம். உள்ளேயிருந்து வெளியே வர ஒரு சுரங்க வழி இருக்கு. அந்த வாசல்லேர்ந்து வெள்ளைக்கோடு வரைக்கும் நடக்கணும். கையில தடி இருக்கக் கூடாது. ஒரு அம்மாவுக்குக் கை கொடுத்துக் கூட்டிட்டுப் போகணும்." நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். நொண்டாமல் நடக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் யார் என்று எனக்குத் தெரியவந்தது வேறொருவர் வாயால். கிளினிக்குக்குத் தோள்வலிக்காக வந்துகொண்டிருந்த வயதான பிளம்பர் ஒருவரும் அயர்லாந்துக்காரர். ஒரு நாள் ஃபுல்பேக் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, காத்திருந்த பிளம்பர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார். ஃபுல்பேக் தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போனார். பிளம்பர் அப்புறமும் உட்காரவில்லை. என்னிடம் வந்து, "அம்மா, உங்க கையில யாருடைய இடுப்பு இருக்குன்னு தெரியுமா?" என்றார். நோயாளி பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொன்னேன். "நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன்" என்று ஆரம்பித்தவர், அவருடைய முறை வந்து கூப்பிடும்வரை நிறுத்தவே இல்லை.

ஹர்லிங் என்று ஓர் ஆட்டம். ஹாக்கி மாதிரி மட்டை, ஆனால் முனை அகலமாகத் துடுப்புபோல் இருக்கும். தோல் தைத்த சிறு பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம், கையால் பிடிக்கவும் செய்யலாம். அணிக்குப் பதினைந்து பேர். பைசா சம்பளம் கிடையாது. பிறந்த ஊரின் சர்ச் வட்டாரத்துக்கும், அது இருக்கும் மாவட்டத்துக்கும்தான் ஆடுவார்கள். காசு கொடுத்து ஆளை இழுக்கும் பேச்சு அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாடே பார்க்க ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் மாடு கறக்கவோ சிமென்ட் கலக்கவோ போய்விடுவார்கள். அந்த ஆட்டத்தில், கோல் காக்கும் கோலிக்கு நேர் முன்னால் நிற்பவர் ஃபுல்பேக். எதிரணியில் கோல் அடிக்க வரும் மிகப் பெரிய ஃபார்வர்டை மறித்து நிற்பது அவர் பொறுப்பு. எங்கள் ஃபுல்பேக் தன் மாவட்டத்துக்காகப் பல ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றவர். அந்த ஊர்ப் பக்கம் போனால் சிறுபிள்ளைகளுக்குக்கூட அவர் பெயர் தெரியும் என்றார் பிளம்பர். இங்கே அவர் மரப்பலகை வாங்கும் கடையில் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆளில்லை.

ஃபுல்பேக்கின் மனைவி ஒரு டிவிடி கொண்டுவந்து கொடுத்தார். அவர் வென்ற இறுதியாட்டம். என் கணவர் கோவில்பட்டிக்காரர். ஹாக்கி ஊரில் பிறந்து கல்லூரி அணிக்கு ஆடியவர். படம் ஓடத் தொடங்கியதும் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். "ஏய், ஸ்டிக்கைத் தலைக்கு மேல சுத்துறாங்க! தோளுக்கு மேல போனாலே ஃபவுல்னு எங்க பி.டி. சார் முதுகுலயே ஒண்ணு போடுவாரு. ஹெல்மெட் வேற இல்ல. இது ஆட்டமா, பங்காளிச் சண்டையா?" பிறகு ஃபுல்பேக்கின் கோல் கணக்கைக் கேட்டார். ஒன்றுகூட இல்லை, அவர் வாழ்நாளில் அடித்ததே இல்லையாம் என்றேன். "அப்ப எதுக்கு ஃபேமஸ்?" என்றார். அந்த டிவிடியை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு நாள் அவரே சொன்னார்: "இந்த மனுஷன் பந்தையே பாக்கல, கவனிச்சியா? அந்த ஃபார்வர்ட் காலைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. அவன் எங்க போகணும்னு நினைக்கறானோ அங்க இவர் முன்னாடியே நிக்கறாரு. ஆட்டம் முழுக்க அந்தப் பெரிய ஆளுக்கு ஒரு பாயின்ட்கூடக் கிடைக்கல." ஹாக்கி ஊர்க்காரர் இப்படிச் சொன்னது எனக்கு ஏதோ என்னைப் பாராட்டியதுபோல் இருந்தது.

மீதிக் கதை பயிற்சி மேஜையில் துண்டு துண்டாக வந்தது. மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர். பள்ளிப் பருவம் முடியுமுன்பே மாவட்ட அணிக்குள் வந்துவிட்டார். ஆடிய முதல் இறுதியாட்டத்திலேயே கடைசி நிமிடங்களில் அவரைத் தாண்டி ஒருவன் போய் கோல் போட்டான், அணி தோற்றது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்ததாம். தோற்ற மறுநாள் காலை கோலி அவர் வீட்டுக்கு வந்தார். மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு, "அது நான் பிடிச்சிருக்க வேண்டிய பந்து, நீ மனசுல வெச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு, கூடவே தொழுவத்தையும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். "அது பொய். அவனால அதைப் பிடிச்சிருக்க முடியாது" என்றார் ஃபுல்பேக். பிறகு அந்த இருவரும் சேர்ந்தே தோற்றார்கள், சேர்ந்தே ஒரு நாள் வென்றார்கள். ஆடும் வயது முடிந்தபோது ஊரில் வேலை இல்லை. ஃபுல்பேக் மனைவியோடு கலிஃபோர்னியா வந்து, கூரை வேலையில் தொடங்கி, சொந்தமாக வீடு கட்டும் தொழிலுக்கு உயர்ந்தார். கோலி ஊரிலேயே இருந்தார். நெஞ்சு நோயால் சீக்கிரமே இறந்துபோனார்.

அயர்லாந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கோப்பையை வென்ற அணியை இறுதியாட்டத்தன்று மைதானத்துக்கு அழைத்து, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜனங்கள் முன் நிறுத்துவார்கள். இறந்தவர்களுக்குப் பதில் அவர்கள் வீட்டார் நடப்பார்கள். கோலிக்குப் பதில் நடக்கப்போவது எண்பத்தாறு வயதான அவர் அம்மா. அவர் ஃபுல்பேக்குக்கு போன் போட்டு, "என் பிள்ளைக்கு முன்னால நீதான் நின்னே. என்னையும் நீயே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அணியில் முதல் எண் கோலியுடையது என்பதால் முதலில் அழைக்கப்படுவதும் அவர்கள்தான். முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள வழியில்லை.

அந்த மனிதர்தான் என்னிடம் ஒவ்வொரு நாளும் "இரண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்தோம்; இரண்டு. படி ஏறினோம், இரண்டு. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கைராசி என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணை நம்பிப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனேன். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது மேல் உதடு வியர்த்திருந்தது. வலது இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தேன். அடுப்பில் வைத்த பாத்திரம்போல் சுட்டது. உடம்பை நிமிர்த்தி வைக்கும் தசைநார் புண்ணாகி வீங்கியிருந்தது. இத்தனை வலியோடு வாரக் கடைசியில் ஏணியும் ஏறியிருக்கிறார். அறுவை செய்த டாக்டர் கோபமாகப் பேசினார். திரும்பவும் கைத்தடி, பயிற்சியெல்லாம் பாதியாகக் குறைப்பு, செப்டம்பரில் விமானம் ஏறுவதையே மறந்துவிடலாம் என்றார்.

அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி அவர் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். பொய் இல்லை, பழக்கம் என்றார். சிறுவயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதானாம்: அடிபட்ட இடத்தைத் தொடாதே, பார்க்காதே. தொட்டால் எதிரி பார்த்துவிடுவான்; அடுத்த அடி அங்கேதான் விழும். வென்ற அந்த இறுதியாட்டத்தின் முதல் பாதியிலேயே இடது சுண்டுவிரல் உடைந்துவிட்டது. ஆட்டம் முடியும்வரை அந்தக் கையை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய ஃபார்வர்டுக்குக் கடைசிவரை தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமிதத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரமும் வந்தது, நியாயமாகச் சொன்னால் மரியாதையும் வந்தது.

நான் சுவரிலிருந்து அந்த முகங்கள் படத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். "சார், நான் உங்களை அடிக்க வந்த ஃபார்வர்ட் இல்ல" என்றேன். "நான் உங்க பின்னாடி நிக்கற கோலி. முன்னாடி என்ன நடக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நீங்க சொல்லாம மறைச்சா பந்து உள்ளே போயிடும். இப்ப போயிடுச்சு." அவர் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உச்சரிப்பு புரியவில்லையோ என்றுகூட நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஏழு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காலையில எட்டு." என் தொழிலில் எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்த "ஏழு" என்ற சொல்லை வாங்கியதைப்போல் எதையும் நான் பெரிதாக நினைத்ததில்லை.

கோடை முழுக்க உழைத்தோம். புண் ஆறும்வரை நீரில் நடை, பிறகு ஒருக்களித்துப் படுத்துக் கால் தூக்குவது, பிறகு கார் நிறுத்தும் இடத்தில் நிழல் பார்த்து நடப்பது. கை கொடுத்து நடந்து பழக ஒரு வயதான அம்மா வேண்டுமே என்று யோசித்தபோது, முழங்கால் மாற்றிக்கொண்டு எங்களிடம் வந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி தானாகவே முன்வந்தார். அவர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர், யாருக்கும் பயப்படாதவர். முதல் நாளே பாதி வழியில் நின்றுவிட்டார். "பிள்ளை, இந்த மனுசன் என்னைக் கூட்டிக்கொண்டு போறாரோ, இழுத்துக்கொண்டு போறாரோ? வலது கால் வைக்கேக்க முழுப் பாரமும் என்ர தோளில எல்லோ விழுது!"

சிக்கல் அதுதான். கைத்தடியை எப்போதும் நோகாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் நோகும் இடுப்பின் பாரம் குறையும். அவருக்கு வலது இடுப்பு. ஆகவே தடி இடது கையில். யாருக்காவது கை கொடுப்பதானாலும் அவர்கள் இடது பக்கம் வந்தால் நல்லது. அவருக்குப் பிடிமானம் கிடைக்கும், நொண்டல் தெரியாது. வலது பக்கம் வந்தால் ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு அவர்கள்மேல் சாயும். இதைப் படம் வரைந்து விளக்கினேன். ஃபுல்பேக் கேட்டுக்கொண்டார், புரிந்துகொண்டார், முடியாது என்று சொல்லிவிட்டார். "இடது பக்கம் வந்தா அந்த அம்மா என் தடி ஆயிடுவாங்க. நான் அவங்களைக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். அவங்க என்னைத் தாங்கறதுக்கு வரல." நான் எத்தனை விதமாகச் சொல்லியும் மசியவில்லை. யாழ்ப்பாணத்து ஆன்ட்டி, "விடு பிள்ளை. ரோசக்காரனுக்கு வைத்தியம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தன் வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். தடி இல்லாமல் நடந்தார். நிதானமாக வைத்தால் அடிகள் ஓரளவு நேராக விழுந்தன. வேகம் கொஞ்சம் கூடினாலும், அல்லது வலது பக்கத்தில் ஒருவர் கை தொங்கினாலும் சாய்வு எட்டிப் பார்த்தது. கடைசி நாள் வலி எத்தனை என்று கேட்டேன். "நாலு, உண்மையாவே நாலு" என்றார். மனைவியோடு டப்ளினுக்கு விமானம் ஏறினார். என் பங்குக்கு நான் செய்யக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது. அது போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடம் நோன்பு செப்டம்பரில் வந்தது. இறுதியாட்டம் டப்ளினில் பிற்பகல் என்றால் எங்களுக்கு விடிகாலை. சஹருக்கு எழுந்து, சாப்பிட்டு, தொழுதுவிட்டு, தூங்கி வழிந்த மகளைக் காரில் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோவில் அயர்லாந்துக்காரர்கள் கூடும் ஒரு மண்டபத்துக்குப் போனோம். பிளம்பர்தான் வரச் சொல்லியிருந்தார். தலையில் முக்காடோடு நான் நுழைந்ததும் ஒரு கணம் பேச்சு நின்றது. "இவங்கதான் அந்த இடுப்பு!" என்று பிளம்பர் கத்தினார். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. ஒரு பெண்மணி முட்டையும் பொரித்த இறைச்சியுமாகத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நோன்பு, சூரியன் மறையும்வரை எதுவும் கூடாது என்றேன். "தண்ணிகூடவா?" என்றார். ஆமாம் என்றதும் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, தன் டீக் கோப்பையையும் என் கண்ணில் படாமல் தூர வைத்துவிட்டார். என் கணவர் காதில் கிசுகிசுத்தார்: "நல்லவேளை நோன்பு. இல்லன்னா அந்தத் தட்டுல என்ன இறைச்சின்னு வேற விசாரிச்சு எக்ஸ்ப்ளெயின் பண்ண வேண்டியிருக்கும்."

பெரிய திரையில் சுரங்க வழியின் வாசல் தெரிந்தது. உள்ளே கோட்டு போட்ட நரைத்த ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் எங்கள் ஃபுல்பேக். கையில் தடி இல்லை. அவர் தோளுக்கும் எட்டாத ஒரு சின்ன அம்மா, கறுப்பு மேல்கோட்டும் கைப்பையுமாக, அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை! ஒலிபெருக்கியில் இறந்துபோன கோலியின் பெயரைச் சொன்னார்கள். மைதானம் எழுந்து நின்றது. அவர்கள் கால் எடுத்து வைக்க வேண்டிய அந்த நொடியில், அந்த அம்மா அவர் கையை விட்டுவிட்டார். விட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், இந்தப் பக்கம் வந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபத்தில் சிரித்தார்கள். வயசாகிவிட்டது, பாவம், குழம்பிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இடது பக்கம்! மச்சான், பாருங்க, இடது பக்கம் வந்துட்டாங்க!" என்று மேலப்பாளையத்துக் குரலில் நான் கத்தியது அந்த மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். "மாம், ப்ளீஸ் சிட் டவுன், எவ்ரிபடி இஸ் லுக்கிங்" என்று மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். நான் உட்காரவில்லை. திரையில் அவர்கள் நடந்தார்கள். மிக மெதுவாக, ஓர் அடி, அடுத்த அடி, அந்த அம்மா கைப்பையை ஆட்டிக்கொண்டு, அவர் நிமிர்ந்து. நான் அவர் தோள்களையே பார்த்தேன். சாயவில்லை. வலது கால் விழுந்தபோதும் சாயவில்லை. என் கண்ணுக்கே அந்த இடுப்பில் ஒரு குறை தெரியவில்லை. மனசார அழுதேன். "பாருங்க, அந்த அம்மாவுக்காகத் தன் நடையை எப்படிக் குறைச்சுக்கறான்" என்று பிளம்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக்கோட்டில் போய் நின்று இருவரும் திரும்பியபோது, இரண்டாம் எண்காரரை அடுத்து, மூன்றாம் எண்ணான ஃபுல்பேக்கின் பெயரைச் சொன்னார்கள். மைதானம் போட்ட சத்தத்தில் திரைக்குப் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

இப்போது அந்தக் கிளினிக் இல்லை; வேறிடத்தில் நானே ஒன்று நடத்துகிறேன். புதிதாகச் சேரும் பிசியோக்களுக்கு நோயாளி சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மேல் உதட்டையும் பாருங்கள் என்று சொல்வேன். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஃபுல்பேக் அறுபதைத் தாண்டியும் நன்றாக நடக்கிறார்; பெருநாள் அன்று மறக்காமல் போன் செய்கிறார். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் அந்த இடுப்பைத்தான் சொல்வேன். அதில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அந்த வருடம் ஊரிலிருந்து திரும்பியதும் ஃபுல்பேக் பழைய கிளினிக்குக்கு வந்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த அம்மா ஏன் பக்கம் மாறினார் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடுப்பும் மாற்றியாகிவிட்டதாம். தினமும் மேட்டில் ஏறிச் சர்ச்சுக்குப் போகிறவராம். நடையில் ஃபுல்பேக்கையே முந்திவிடுவாராம். மைதானத்து வாசலில் இவர் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் வலி என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சரியென்று அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாராம். பெயர் கூப்பிட்டதும், பின்னால் சுற்றி வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னாராம்:

"என் பிள்ளை எத்தனை வருஷம் உன் முதுகையே பாத்துக்கிட்டு நின்னான். உனக்கு எங்க வலிச்சாலும் அவனுக்குத் தெரியும்; வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொல்லுவான். நல்லா சாஞ்சுக்கோ. எனக்கு எண்பத்தாறு வயசு. நான் மெதுவா நடந்தா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."